மேலூர்ப் பொட்டலில் ஆகாயக் கரணம்

கைக்குழந்தையோடு ஆகாய விமானம் பார்க்கப் போகலாமா என்று கேட்கும் சகோதரிகளுக்காக இதை எழுதுகிறேன். நாங்கள் போனது மாசியில், அறுவடை முடிந்த பிறகு. எழுதத்தான் இத்தனை நாளாயிற்று. பல் முளைக்கும் பிள்ளை எழுத விட்டால்தானே! ஊர் ஊராகப் போய்ப் பறந்து காட்டும் பம்பாய்க்காரர் ஒருவர் மேலூர்ப் பக்கம் ஒரு பொட்டலில் தம் இரட்டைச் சிறகு விமானத்தோடு இறங்கியிருந்தார். அதில் ஏறி வானத்தில் குட்டிக்கரணம் போட்டே தீருவேன் என்றார் என் கணவர். தடுக்கத்தான் நான் கூடப் போனேன்.

மதுரையிலிருந்து மேலூர் பதினெட்டு மைல். ஏழு மணி பஸ்ஸில் ஏறினால் எட்டரைக்குள் போய்விடலாம். எங்கள் டிரைவர் பொட்டல் வரைக்கும் பஸ்ஸை ஓட்டினார். "நானும் பாக்கணும்ல!" என்றார்.

விமானி ஆங்கிலத்தில் பேசினார். என்னென்ன பழுதாகலாம் என்று கேட்டேன், ஒளிக்காமல் சொன்னார். தலைகீழாகும்போது பெட்ரோல் இறங்காமல் இன்ஜின் சற்று நின்று, மறுபடி பிடித்துக்கொள்ளும். அதற்குப் பயப்பட வேண்டாம். சிறகுகளைக் கட்டிய கம்பிகள் தளரக் கூடாது. வால் ஓரத்தில் கீல் வைத்த பலகை தடையில்லாமல் மேலும் கீழும் அசைய வேண்டும். சாதாரணமாகப் பறக்க அது கொஞ்சம் அசைந்தால் போதும்; கரணத்துக்கோ அதை ஆட்டும் கைப்பிடியைத் தம் வயிறு வரை இழுக்க வேண்டும்.

நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோதே டிரைவர் பஸ்ஸுக்குப் போட்டிருந்த சாமந்தி மாலையைக் கழற்றி விமானத்தின் வாலில் கட்டிவிட்டார். விமானி பதறிப்போய்ப் பிடித்து இழுத்தார். பூவெல்லாம் உதிர்ந்தது. அவர் விமானத்தில் ஏறிக் கைப்பிடியை லேசாக ஆட்டிப் பார்த்து, சரி என்றார். என் கணவர் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

தினமும் பூக்கட்டுகிறவள் நான். இழுத்தால் பூதான் உதிரும், வாழைநார் அறாது. நார் எங்கே? தரையில் காணோம்.

"கரணத்துக்கு இழுக்கிற மாதிரி முழுக்க இழுங்கள்" என்றேன்.

"ராஜம், இம்புட்டு தூரம் வந்துட்டு இப்பப் போயி..." என்றார் கணவர்.

விமானி இழுத்தார். பலகை பாதி எழுந்து நின்றுவிட்டது. நார் கீலுக்குள் சுற்றியிருந்தது. விமானி இறங்கி வந்து கத்தியால் அறுத்து எடுத்தார்.

"நல்லதுக்குத்தானேம்மா போட்டேன்" என்றார் டிரைவர், அழாக்குறையாக.

"போடுங்கண்ணே, வேணாங்கல. இனிமே வண்டிய விட்டுட்டு ஓட்டுறவுக கழுத்துல போடுங்க."

இருவரும் மேலே போனதும் கீழே நின்று கரணம் பார்த்தேன். உச்சியில் இன்ஜின் சத்தம் நின்றது. பிள்ளையை இறுக்கிக்கொண்டேன், உடனே இன்ஜின் மறுபடி பிடித்துக்கொண்டது. இறங்கி வந்த கணவர் தலையெல்லாம் மண். "தலைகீழானதும் காலடிப் புழுதியெல்லாம் மூஞ்சியில கொட்டுது!" என்று சிரித்தார்.

போகிறவர்களுக்குச் சொல்வது இதுதான். கரணத்தோடு பதினைந்து ரூபாய். வெயில் ஏறுமுன் போங்கள். அதற்குப்பின் காற்று தூக்கிப் போடும். உங்கள் கண்முன்னே கைப்பிடியை முழுக்க இழுத்துக் காட்டச் சொல்லுங்கள். நல்ல விமானி கோபித்துக்கொள்ள மாட்டார். பழுதே வராத யந்திரம் கிடையாது; பார்த்துவிட்டு ஏறுவது நம் கையில் இருக்கிறது.

அன்று கணவர் இறங்கியதும் பிள்ளையை அவரிடம் கொடுத்தேன். "எனக்குக் காட்டுங்கள்" என்றேன் விமானியிடம். முழுக்க இழுத்தார். பலகை கடைசி வரை எழுந்தது.

"கரணம் உண்டா?" என்றார்.

உண்டு என்று சொல்லி ஏறினேன்.