பன்னிரண்டாம் அறையின் தேயிலை வாசனை

மேனேஜர் அந்தக் கமெண்ட் கார்டை மேசையில் வைத்து ஒரு விரலால் என் பக்கம் தள்ளினார். 'எல்லோரும் அன்பாகப் பழகினார்கள். ரிசப்ஷனில் மட்டும் ஏதோ வாடை' என்று ஒரு விருந்தினர் எழுதிவிட்டுப் போயிருந்தார். ரிசப்ஷனில் அன்றைக்கு இருந்தது நானும் ஒரு பூச்சாடியும். பூச்சாடியில் இருந்தது பிளாஸ்டிக் பூ.

"இன்னும் ரெண்டு மாசத்துல உங்களுக்கு கன்ஃபர்மேஷன் லெட்டர் போடணும். இந்த மாதிரி இன்னொரு கார்டு வந்தா என்னால போட முடியாது. குளிச்சிட்டுத்தானே வர்றீங்க?"

"ரெண்டு வேளை குளிக்கிறேன் சார்."

"அப்ப மூணு வேளை குளிங்க."

மேனேஜர் என்னைவிட நாலு வயது சின்னவர். எனக்கு அப்போது முப்பத்திரண்டு. அதற்கு முன் ஆறு வருடம் செங்கல்பட்டில் ஒவ்வொரு ஆபீசாகத் தற்காலிக டைப்பிஸ்டாக உட்கார்ந்து, ஒவ்வொரு ஆபீசிலிருந்தும் தற்காலிகமாகவே எழுந்து வந்தவன். இரண்டாயிரம் பிறந்து, கிழக்குக் கடற்கரைச் சாலையை அகலப்படுத்தி, கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே ரிசார்ட்டுகள் முளைத்த சமயம். அதில் ஒன்றில் மதிய ஷிப்ட் ரிசப்ஷன் வேலை கிடைத்தது. ஆறு மாதம் பார்ப்பார்கள், பிடித்தால் நிரந்தரம். என் மனைவி அந்தக் கடைசிச் சொல்லை மட்டும் தன் பிறந்த வீட்டில் போய்ச் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

வாடைக்குக் காரணம் பஸ். காலையில் செங்கல்பட்டு மார்க்கெட்டில் மீன் விற்று முடித்த பெண்கள் காலிக் கூடைகளோடு ஏறும் அதே மதிய பஸ்ஸில்தான் நானும் ஏறுவேன். கூடையின் வாடை அவர்களுடையது, வியர்வை என்னுடையது. திருக்கழுக்குன்றம் தாண்டுவதற்குள் இரண்டும் ஒன்றாகிவிடும். பவுடர் போட்டுப் பார்த்தேன். முகம் வெளுத்ததுதான் மிச்சம்.

ரிசார்ட்டில் ஒரு பீரோ இருந்தது. விருந்தினர்கள் அறையில் மறந்துவிட்டுப் போகும் பொருள்களை அதில் வைப்போம். கண்டெடுத்தவர் பெயர், அறை எண், பொருளின் நிலைமை எல்லாம் ஒரு நோட்டில் எழுத வேண்டும். மூன்று மாதத்துக்குள் யாரும் கேட்காவிட்டால் எடுத்தவருக்கே அந்தப் பொருள் சொந்தம். சாவி என்னிடம் இருந்தது. அதற்குக் காரணம் ஹவுஸ்கீப்பிங் அக்கா. கோவளத்துக்காரர். முதல் வாரமே மேனேஜரிடம் சொன்னார்: "சாவிய இந்தத் தம்பி கைல குடு சார். கோயிலுக்குப் பூ கட்ற வூட்டுப் புள்ள. அடுத்தவன் சாமான் மேல கை வெக்காது."

பூ கட்டும் வீடு என்பது உண்மை. அப்பா கோயிலுக்குப் பூ கட்டிக் கொடுப்பவர். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஒரே சட்டம்: சாமிக்குப் போகும் பூவை மோந்து பார்க்கக் கூடாது. மோந்தால் அது எச்சில். கூடையைத் தூக்கும்போது முகத்தை ஒரு பக்கம் திருப்பி, வாயால் மூச்சு விட்டுக்கொண்டு நடப்போம். மல்லிகைக் குவியலுக்கு நடுவில் வளர்ந்தும், முப்பத்திரண்டு வயதுவரை என் மூக்கு கண்ணாடி துடைக்கும்போது வழியில் நின்றதைத் தவிர வேறெந்த வேலையும் பார்த்ததில்லை.

பீரோவில் சென்ட் பாட்டில்கள் ஏழெட்டு இருந்தன. நாத்தத்தை வாசனையால்தான் வெல்ல வேண்டும் என்று தோன்றியது. எடுத்துப் போட்டுக்கொள்ள அல்ல, எது நல்லது என்று தெரிந்துகொண்டு அதேபோல் ஒன்று வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் முதல் பாட்டிலைத் திறந்தேன். இதை நான் எனக்கே பலமுறை சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் நம்பத்தான் செய்கிறேன்.

முதலாவது பாட்டிலில் பீச் பழம் வரைந்திருந்தது. அந்தப் பழத்தை நான் நேரில் பார்த்ததில்லை. வெளிநாட்டிலிருந்து வரும் உறவுக்காரர்களின் பெட்டியைத் திறந்தால் ஒரு வாசனை வருமே, அதுதான் பீச் போலிருக்கிறது. மோந்து மூடி வைத்துவிட வேண்டியதுதானே? அங்கேதான் எங்கள் வீட்டுச் சட்டம் குறுக்கே வந்தது. மோந்தாகிவிட்டது. இனி இது எச்சில். எச்சிலான பொருளைத் திரும்ப சுத்தமாக்க முடியாது. அப்புறம் ஒரு சொட்டு எடுத்தால் என்ன, பத்து சொட்டு எடுத்தால் என்ன? திருடுவதற்கு இவ்வளவு ஆசாரமான காரணம் வேறு வீட்டில் கிடைத்திருக்காது.

அப்படி இரண்டு வாரம் ஓடியது. பச்சை ஆப்பிள் பாட்டில் தரை துடைக்கும் திரவத்தின் பெரியப்பா மகன். போட்டுக்கொண்டு நின்றால் வருகிறவர்கள் வழுக்கிவிடுமோ என்று பார்த்து நடந்தார்கள். ஸ்ட்ராபெரி, குழந்தைகளின் காய்ச்சல் மருந்து. அதைப் போட்ட அன்று ஒரு சிறுமி என்னைப் பார்த்து அழுதாள். லிச்சி மட்டும் நன்றாக இருந்தது, நுங்கை ரோஸ்மில்க்கில் ஊறவைத்த மாதிரி. ஆனால் ஐந்து மணிக்கு மேல் நுங்கு காணாமல் போய் ரோஸ்மில்க் மட்டும் சட்டையில் காயும். மாம்பழம் என்று ஒன்று. மாம்பழத்தைப் பற்றி யாரோ போனில் சொல்லக் கேட்டுச் செய்தது.

பஸ்ஸில் ஒரு மீன்கார அம்மா பக்கத்தில் நின்றபடி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னா தம்பி, தினம் ஒரு பழமா கீற? நேத்து ஆப்புளு, இன்னிக்கு இன்னா?"

"நேத்து போட்டதும்மா. சட்டையில இருக்கு."

"எங்க கூடை வாசனை பேஜாரா கீதுன்னுதான இத்தினி ஊத்திகினு வர? ஊத்திக்க, ஊத்திக்க. எங்குளுக்கும் சேத்து ஊத்து."

வீட்டில் அது வேறு மாதிரி போனது. சட்டையை ஊறப்போட எடுத்த மனைவி காலரை மூக்கருகே கொண்டுபோய் அப்படியே நின்றாள்.

"யாரு இது?"

"யாரும் இல்ல. ரூம் நம்பர் ஒன்பது."

அந்தப் பதிலைவிட மோசமான பதிலை இன்றுவரை நான் யோசித்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. விளக்கிச் சொல்லி முடிக்க அரை மணி நேரம் ஆனது. கடைசியில் அவள் கேட்டது ஒன்றே ஒன்று: "இதால வேல போயிடாதே?"

"போகாது," என்றேன்.

மூன்றாவது வாரம்தான் பன்னிரண்டாம் அறையின் பாட்டில் வந்தது. அக்கா கட்டிலுக்கடியில் கண்டெடுத்து நோட்டில் தன் கையாலேயே எழுதிவைத்தார்: 'சென்டு, புல்லா கீது.' ஸ்பிரே இல்லை, திருகு மூடி. கண்ணாடி போலத் தெளிந்த திரவம். திறந்ததும் டீ வாசனை. பஸ் ஸ்டாண்டு டீ அல்ல. அதில் பாலும் சர்க்கரையும் பாய்லரும்தான் முன்னால் வரும். இது டீ குடித்து முடித்து வைத்த டம்ளரில் கொஞ்ச நேரம் கழித்து மிஞ்சுகிற வாசனை. ஈர இலை, எலுமிச்சைத் தோல், ஆறிப்போன எவர்சில்வர். பழ பாட்டில்கள் எல்லாம் ஆள் வருவதற்கு முன்னால் வந்து சத்தம் போடும். இது ஆள் போன பிறகு மெதுவாக வந்து உட்காரும். அதைப் போட்டுக்கொண்ட அன்று என் குரல் தணிந்தது. மேனேஜர் என்னைக் கடந்து போனவர் திரும்பி வந்து, "இப்ப ஓகே," என்றார். கார்டுகளில் வாடை என்ற சொல் அப்புறம் வரவே இல்லை.

அந்த 'ஓகே'வுக்காக ஐந்து வாரம் தினமும் போட்டேன். அதேபோல் ஒன்று வாங்கலாம் என்று சென்னையில் விசாரித்தேன். விலையைச் சொன்ன கடைக்காரரிடம் சும்மா கேட்டேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

லெட்டர் வர வேண்டிய ஒண்ணாந்தேதிக்கு ஐந்து நாள் இருந்தபோது, ஒரு புதன்கிழமை மதியம் போன் வந்தது. எடுத்தது நான்.

"போன தடவ பன்னெண்டாம் நம்பர் ரூம்ல தங்கியிருந்தேன். ஒரு பெர்ஃப்யூம் விட்டுட்டேன். இருக்கா பாருங்களேன்."

"இருக்கு மேடம்," என்று என் வாய் சொன்னது.

"நல்லவேளை. வெள்ளிக்கிழமை அந்தப் பக்கம் வர்றோம். எடுத்துக்கறேன்."

போனை வைத்துவிட்டுப் பீரோவைத் திறந்தேன். பாட்டிலில் இரண்டு விரல் உயரத்துக்குக் காற்று. நோட்டில் 'புல்லா கீது'.

வியாழக்கிழமை முழுக்க என் தலைக்குள் அந்த இரண்டு விரல்தான். உண்மையைச் சொன்னால் லெட்டர் கிடையாது. சொல்லாவிட்டால் பாட்டில் சொல்லிவிடும். சாயங்காலம் யாரும் இல்லாத நேரத்தில் எனக்கு ஒரு யோசனை வந்தது. டீ வாசனைதானே? அறைகளுக்குக் கொடுக்கும் டிப் டீ ஒன்றைச் சுடுதண்ணீரில் நனைத்தேன். ஆறவைத்து, கர்ச்சீப்பில் வடிகட்டினேன். நிறம்கூட லேசாகத்தான் இருந்தது. பாட்டிலில் ஊற்றினேன்.

ஊற்றின நொடியே உள்ளே இருந்ததெல்லாம் வெளுத்தது. வாளித் தண்ணீரில் ஃபினாயில் விட்டால் எப்படிப் பாலாக மாறும், அப்படி. தெளிந்துவிடும் என்று காத்திருந்தேன். ஆட்டினேன். இன்னும் வெளுத்தது. மூடியைத் திருகி உள்ளே வைத்துப் பூட்டினேன். பூட்டியதைத் திரும்ப இழுத்துப் பார்த்தேன், பாட்டில் தானாக வெளியே வந்துவிடும் என்பதுபோல.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு அந்த அம்மாள் வந்தார். ஐம்பது வயதிருக்கும், பருத்திப் புடவை. அடிக்கடி வருகிறவர் என்பதால் மேனேஜரே வந்து நின்றார். பொருளை எடுத்தவரே கையில் கொடுப்பது எங்கள் வழக்கம், விருந்தினர் ஏதாவது கொடுத்தால் அவருக்குப் போகும். அதனால் அக்காவையும் கூப்பிட்டார்கள். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு சிரித்தபடி வந்தார். நான் பீரோவைத் திறந்து பாட்டிலை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். அவர் கண் பாட்டிலில் விழுந்தது. சிரிப்பு நின்றது.

அந்த அம்மாள் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மூடியைத் திறந்து மோந்தார். இன்னொரு முறை மோந்தார்.

"இதுல முன்னாடி டீ வாசனை வரும்," என்றார். "இப்ப டீயே வருது."

மேனேஜர் நோட்டைத் திருப்பினார். "ஃபுல்லுன்னு எழுதியிருக்கு. எழுதினது யாரு?"

"நான்தான் சார்," என்றார் அக்கா.

"இப்படித்தான் இருந்துச்சா?"

"இல்ல சார். தண்ணி மாதிரி தெளிவா இருந்துச்சு. நானே பாத்து எழுதினேன்."

"அப்ப இது எப்படி ஆச்சு? ரூம்ல எடுத்தப்பவே எதையாவது கலந்துட்டு ஃபுல்லுன்னு எழுதினீங்களா?"

"பதினோரு வருசமா ஓட்டல்ங்கள்ல வேல செய்றேன் சார். ஒரு சோப்பு எடுத்துருப்பனா?"

"நான் எடுத்தீங்கன்னு சொல்லல. எப்படி ஆச்சுன்னு கேக்கறேன்."

அக்கா என்னைப் பார்க்கவே இல்லை. அதுதான் என்னால் தாங்க முடியாமல் போனது. பார்த்து முறைத்திருந்தால் நான் எங்கேயாவது வேறு பக்கம் பார்த்துச் சமாளித்திருப்பேன். எனக்கு அந்தப் பழக்கம் உண்டு. அவர் நோட்டில் தன் எழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான்தான் சார்," என்றேன். "அக்காவுக்குத் தெரியாது. அஞ்சு வாரமா நான்தான் போட்டுக்கிட்டேன். கொறைஞ்சதுக்கு நேத்து டீ ஊத்தினேன்."

வெளியே புல்வெளியில் குழாய் ஓடிக்கொண்டிருந்தது.

"டிப் டீயா?" என்றார் அந்த அம்மாள்.

"ஆமா மேடம்."

"அதான் அட்டை வாசன வருது." பாட்டிலை மேசையில் வைத்தார். கோபமாகத் தெரியவில்லை, சலிப்பாக இருந்தார். "எனக்கு இது வேணாம். இந்தம்மாவ ஒண்ணும் சொல்லாதீங்க."

மன்னிப்புக் கேட்டேன். அவர் தலையை அசைத்துவிட்டுப் போனார். மன்னித்தாரா, போகிற வழியில் எதற்கோ அசைத்தாரா, தெரியவில்லை.

மேனேஜர் நோட்டை என் பக்கம் திருப்பினார். பேனாவையும் கொடுத்தார். "நீங்க சொன்னத எழுதி கையெழுத்துப் போடுங்க."

அக்காவின் 'புல்லா கீது'வுக்குப் பக்கத்துக் கட்டத்தில் எழுதினேன். ஆறு வருடம் டைப் அடித்தவன், கையெழுத்து கோணல். 'ஊழியர் உபயோகித்துவிட்டார்.' எந்த ஊழியர் என்று கேட்டார். என் பெயரையும் எழுதினேன்.

"சாவிய வெச்சிடுங்க. யூனிஃபார்ம லாண்ட்ரியில குடுத்துடுங்க. நாளைலேருந்து வர வேணாம்," என்றார். கொஞ்சம் நின்று, "நீங்களே சொன்னது நல்லது. ஆனா லெட்டர் போட முடியாது. புரியுதுல்ல?"

"புரியுது சார்."

லாண்ட்ரி அறையில் அக்கா துணி எண்ணிக்கொண்டிருந்தார். நான் என் சொந்தச் சட்டையை மாட்டிக்கொண்டு யூனிஃபார்ம் சட்டையை நீட்டினேன்.

"மன்னிச்சுக்கக்கா."

"நீ சொல்லிட்டன்னு நான் உன்ன கும்புடணுமா? சொல்லாங்காட்டி என் பொயப்பு போயிருக்கும்." சட்டையை வாங்கினார். "உன்ன நம்பி சாவிய குடுக்கச் சொன்னது நானு. நாளிக்கு அந்தாளு அதையும்தான் கேப்பாரு."

நான் நின்றேன். பொதுவாக இந்த மாதிரி சமயத்தில் எனக்கு ஏதாவது வேடிக்கையாகச் சொல்ல வரும். அன்று வரவில்லை.

"வூட்ல இன்னா சொல்லப் போற?"

"தெரியலக்கா."

"இருக்கறத சொல்லு. ரூம் நம்பர் எதுவும் சொல்லிகினு இருக்காத." அந்தக் கதையை நானே ஒருநாள் சிரிக்கச் சிரிக்க அவரிடம் சொல்லியிருந்தேன்.

பிறகு அவர் சட்டைக் காலரைப் பிரித்து மூக்கருகே கொண்டுபோனார். ஒரு நிமிஷம் வைத்திருந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"ரெண்டு தரம் அலசணும்," என்று சொல்லி, மற்ற துணிகளோடு சேர்க்காமல் தனியாக ஒரு வாளியில் போட்டார்.