பாதியில் நின்ற கதை

பக்கவாதம் வந்து இடது கால் இழுத்துக்கொண்ட நான்காவது மாதம், காளவாசலில் ஒரு பிசியோதெரபி நிலையத்தில் மகன் என்னைச் சேர்த்தான். மறுநாளே பெங்களூருக்குத் திரும்பிவிட்டான். அவனைக் குறை சொல்லவில்லை, வேலை அப்படி. மனைவி போய்ச் சேர்ந்து மூன்று வருஷமாகிறது. வீட்டில் நானும் டிவியும்தான். அதில் டிவி மட்டும்தான் பேசும்.

அதுவரை பார்க்க வந்தவர்கள் எல்லாரும், மெதுவா நடங்க, அலட்டிக்காதீங்க என்று ஒரே பாட்டைத்தான் பாடினார்கள். அங்கே பயிற்சி கொடுத்த பெண் நேர்மாறு. மகள் இருந்தால் அவள் வயதுதான் இருக்கும். விழுந்துவிடாமலிருக்க மேலே கம்பியிலிருந்து தொங்கும் பட்டையை என் மார்பிலும் இடுப்பிலும் பூட்டி, ட்ரெட்மில்லை ஓடவிட்டாள். என் கையில் நாடித்துடிப்பு காட்டும் கடிகாரம். கால் இடறினாலும் பரவாயில்லை, நெஞ்சு நன்றாக அடித்துக்கொள்ள வேண்டும், வேகமாக நடந்தால்தான் நடை திரும்பும் என்பாள். நடக்கும்போது தடையில்லாமல் பேச முடிந்தால் வேகம் போதவில்லை என்று அர்த்தமாம்.

வம்பே அங்கேதான். நான் முப்பது வருஷம் சோழவந்தான் பஸ்ஸில் கண்டக்டர். வெற்றிலைக் கூடைகளுக்கு நடுவே, எதையும் பிடிக்காமல் நின்று, வாய் ஓயாமல் பேசியே காலத்தை ஓட்டியவன். இப்போது வாரத்தில் மூன்று நாள், அந்த அரை மணி நேரம்தான் எனக்குப் பேச ஆள். வைகையில் வெள்ளம் வந்து, கல்யாண மாப்பிள்ளையோடு பஸ் பாலத்துக்கு இந்தப் பக்கம் மாட்டிக்கொண்ட கதையை ஆரம்பிப்பேன். மூச்சு வாங்கவில்லையே என்று அவள் பொத்தானை அமுக்குவாள். ட்ரெட்மில் வேகமெடுக்கும், கதை பாதியில் நிற்கும். அடுத்த முறை மறுபடி முதலிலிருந்து தொடங்குவேன். ஒரு நாளும் முடித்ததில்லை.

மூன்று மாதத்தில் கால் தேறியது. வெள்ளிக்கிழமை நடந்து காட்ட வேண்டும், சிக்னல் மாறுவதற்குள் ரோட்டைக் கடக்கும் வேகம் வந்திருந்தால் இனிமேல் வரவேண்டியதில்லை என்றாள். சந்தோஷப்பட வேண்டிய செய்தி. நான் வீட்டுக்கு வந்து, இன்னும் எத்தனை அரை மணி நேரம் மிச்சம் என்று எண்ணிப் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை, தரையில் ஒட்டியிருந்த இரண்டு கோடுகளுக்கு நடுவே நடக்கச் சொன்னாள். காலை வேண்டுமென்றே இழுத்தேன். இரண்டு தடவை சுவரைப் பிடித்தேன். முப்பது வருஷம் பயணிகளிடம் படித்த நடிப்பு வீண்போகுமா? ஆனால் அவள் என் காலைப் பார்க்கவில்லை. மணிக்கட்டைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"சும்மா உக்காந்திருந்தா எம்புட்டு அடிக்குமோ அம்புட்டுத்தான் அடிக்குது. நீங்க நடக்கவே இல்லப்பா."

டிக்கெட் எடுக்காத பயணியைப் பிடித்த மாதிரிதான் இருந்தது, இந்த முறை பிடிபட்டவன் நான். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டாள். கோபமாகக் கேட்டிருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன்.

"வீட்டுக்குப் போனா பேச ஆளில்லம்மா" என்றேன்.

கதவுக்கு வெளியே சக்கர நாற்காலியில் ஒருவர் காத்திருந்தார். ஒரு கை மடியில் செத்துக் கிடந்தது. முதல் நாள் நானும் அப்படி ஒரு நாற்காலியில்தான் வந்தேன். அவர் உட்கார்ந்து காத்திருப்பது என் அரை மணி நேரத்துக்கு.

மறுபடி கோட்டுக்குப் போய் நின்றேன். இந்த முறை நடந்தேன். எப்படி இருக்கிறது என்று அவள் கேட்டபோது பதில் சொல்ல மூச்சில்லை, தலையை மட்டும் ஆட்டினேன். அவள் சிரித்துக்கொண்டே, இனி வரவேண்டியதில்லை என்று சீட்டில் எழுதி முடித்தாள்.

எப்போதும் ஆட்டோவில்தான் வீட்டுக்குப் போவேன். அன்றைக்கு ஆட்டோ பிடிக்காமல், தனியாகக் காளவாசல் சிக்னலில் ரோட்டில் இறங்கினேன். சிக்னல் மாறுவதற்குள் அந்தப் பக்கம் ஏறிவிட்டேன். என்னைத் திரும்பிப் பார்த்தவர்கூட யாருமில்லை. வீட்டு வாசலுக்கு வரும்போது மூச்சு சீராகிவிட்டது. இப்போது அந்த வெள்ளக் கதையைக் கடைசிவரை நிறுத்தாமல் சொல்லலாம்.

பூட்டைத் திறந்து உள்ளே போய் டிவியைப் போட்டேன்.