வர்தேயின் மீன் விளக்கு

வர்தேயை அடக்கம் செய்த மறுவாரம் அவள் செய்த விளக்கின் மோட்டாரும் நின்றுபோனது.

மினா துறைமுகத்தில், கணவர் மித்ரி பிடித்து வரும் மீனை அரிந்து விற்றுக் குடும்பம் நடத்தியவள் அவள். மித்ரிக்கு மறதி நோய் வந்தபிறகு, பொழுது சாய்ந்தால் போதும், படகுக்கு நேரமாயிற்று என்று கிளம்பிவிடுவார். படகை விற்றது அவருக்கு நினைவில்லை. போன குளிர்காலத்தில் அவரை இடுப்பளவுக் கடல்நீரிலிருந்து இழுத்து வந்தார்கள். கதவைப் பூட்டு என்றவர்களிடம், "அவரென்ன ஆடா?" என்று கேட்டாள் வர்தே. காலி எண்ணெய் டின்னில் நவரை, மடவை, கலவா என்று மீன் வடிவங்களை வெட்டினாள். உள்ளே பல்பு, அடியில் டின்னைச் சுற்றும் மோட்டார். சுவரெங்கும் மீன் நீந்த, மித்ரி உட்கார்ந்துவிட்டார்.

இப்போது மகள் தக்லாவின் முன் இரண்டு மோட்டார்கள். ஒன்று மைக்ரோவேவ் அடுப்பில் தட்டைச் சுற்றுவது. அம்மா வைத்திருந்த வகை. சத்தமே இருக்காது. ஆனால் மின்சாரம் போய் வரும்போதெல்லாம் எந்தப் பக்கம் சுற்றும் என்று சொல்ல முடியாது. மற்றது பல்சக்கரம் வைத்த டிசி மோட்டார். எப்போதும் ஒரே பக்கம். அதைப் பொருத்தினால், சுவிட்சைப் போட பக்கத்து வீட்டு ஹிலானே போதும். நாளை தக்லா, தான் வேலை பார்க்கும் அபுதாபிக்கு விமானம் ஏறலாம்.

டிசி மோட்டாரைப் பொருத்தினாள்.

"அங்க பெரிய பெரிய மோட்டாரெல்லாம் ஓட்டுறியாம். ஒரு எண்ணெய் டின்னுக்கு இவ்வளவு நேரமா?" என்றாள் ஹிலானே.

"கொஞ்சம் சும்மா இரு அத்தை."

ஜன்னலில் வெயில் சிவந்துவிட்டது. மித்ரி கட்டிலுக்கடியில் பூட்ஸைத் துழாவினார். தக்லா சுவிட்சைப் போட்டாள். மீன்கள் ஓடின. மோட்டார் கரகரத்தது.

மித்ரி நிமிர்ந்தார். "எஞ்சினைக் கிளப்பிட்டாங்க. என்னை விட்டுட்டுப் போறானுங்க, பாவிங்க."

"படகு இல்லப்பா, விளக்கு."

"எஞ்சின் சத்தம் எனக்குத் தெரியாதா?"

ஒரு காலில் மட்டும் பூட்ஸோடு அவர் கதவை நோக்கி நடந்தார். ஹிலானே குறுக்கே போய் நின்றாள். "அண்ணே, காபி குடிச்சுட்டுப் போங்க." அவர் அவளைத் தள்ளினார்.

தக்லா சுவிட்சை அணைத்தாள். திருகுகளைக் கழற்றும்போது ஒன்று கைநழுவி உருண்டது, தேடவில்லை. மூன்றே திருகில் அடுப்பு மோட்டாரை மாட்டிச் சுவிட்சைப் போட்டாள்.

சத்தமில்லை. ஆனால் மீன்கள் வால் முன்னே போக, பின்னோக்கி நகர்ந்தன.

தாழ்ப்பாளில் கை வைத்தபடி மித்ரி திரும்பிப் பார்த்தார். "எல்லாம் செத்த மீன். தண்ணி இழுத்துட்டுப் போகுது. யாரோ கடல்ல மருந்து போட்டிருக்கான். நான் போய்ப் பார்க்கணும்."

தாழ்ப்பாள் பாதி விலகிவிட்டது.

தக்லா டின்னின் விளிம்பை விரலால் தடுத்தாள். மோட்டார் ஒரு கணம் திணறி மறுபக்கம் திரும்பியது. நவரை தலையை முன்னே நீட்டி அலமாரியைக் கடந்தது. பின்னால் மடவை.

மித்ரியின் கை இறங்கியது. வந்து உட்கார்ந்தார்.

அப்போது மின்சாரம் போனது. இருட்டில் அவர் மூச்சு மட்டும் கேட்டது. ஜெனரேட்டர் மின்சாரம் வந்ததும் மீன்கள் மறுபடி பின்னோக்கி அசைந்தன. தக்லாவின் விரல் விளிம்பிலேயே இருந்தது, திருப்பிவிட்டாள்.

"நாளைக்கு எத்தனை மணிக்கு விமானம்?" ஹிலானே மெல்லக் கேட்டாள்.

தக்லா டிசி மோட்டாரை எடுத்து டப்பாவில் போட்டு மூடினாள். மற்றக் கையை விளிம்பிலிருந்து எடுக்கவில்லை.

சுவரைப் பார்த்துக்கொண்டே மித்ரி சொன்னார்: "கையை எடு, வர்தே. இனிமே அதுங்களே போகும்."