சிஸ்டர் ஆக்டேவியாவின் தொப்பிகள்

லாஸ் வேகஸில் ஹோட்டல் அறைகளைச் சுத்தம் செய்துகொண்டே, எங்கள் பாப்டிஸ்ட் சபையின் கூட்டக் குறிப்புகளை முப்பது வருடம் எழுதியவள் வெர்லீன். பாடகர் குழுவின் தலைவி ஆக்டேவியா மீது அவளுக்குத் தீராத பொறாமை.

ஊர்ச் சபைகளின் பழைய பதிவுகளைச் சேகரித்த பல்கலைக்கழகம், வெர்லீனின் நோட்டுகளையும் வாங்கிக் கண்காட்சி வைத்தது. திறப்பு நாளன்று பாலைவன வெயிலில் புது உடுப்பு வேர்வையில் நனைய அவள் போய்ச் சேர்ந்தால், வாசலிலேயே ஆக்டேவியாவின் பெரிய படம்.

"கை வலிக்க எழுதினது நான், படம் அவளுக்கா?" என்று கண்காட்சியை வைத்த ஆவணக் காப்பகப் பெண்ணிடம் சீறினாள்.

"நாங்க என்ன செய்ய, மிஸ் வெர்லீன்? ஆக்டேவியா லேட்டு, ஆக்டேவியாவுக்கு இன்னைக்கும் புதுத் தொப்பின்னு பக்கத்துக்குப் பக்கம் நீங்கதானே எழுதியிருக்கீங்க? உங்க பேரைத்தான் எங்கயும் காணோம்."

பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த ஆக்டேவியா சிரித்துவிட்டாள். "அடியே, என் தொப்பிய எல்லாம் எழுதிவச்சவ, ஒண்ணாவது நல்லாருக்குன்னு எழுதக் கூடாதா?"

வெர்லீன் அவள் தலையிலிருந்த தொப்பியை ஒருமுறை பார்த்தாள். "எல்லாமே நல்லாத்தான்டி இருந்துச்சு. அதனாலதான் எழுதல."

சொல்லிவிட்டாளே தவிர, அந்தப் படத்தைத் தாண்டி உள்ளே போனபோது முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டுதான் போனாள்.