பார்சலில் ஒரு கரித்துண்டு

சானிடைசர் வாடையும் ஆட்டுக்கறிக் குழம்பு வாசனையும் ஒன்றாகக் கலந்தால் எப்படி இருக்கும் தெரியுமா நண்பர்களே? எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரி கேன்டீன் பக்கம் போனால் இன்றைக்கும் அந்த வாடை மூக்கில் ஏறும்... கீரனூர் ரோட்டில் நான் வேலை பார்த்த தீம் பார்க் ஞாபகம் வந்துவிடும்.

கொரோனாவின் இரண்டாம் வருடம். நான் டிக்கெட் கவுன்டரில் இருந்தேன். டிக்கெட் கேட்கத்தான் ஆள் இல்லை. ராட்டினம் நின்ற இடத்திலேயே நின்றது. குளத்தில் பாசி பிடித்துவிட்டது. முக்கால்வாசிப் பேரை வீட்டுக்கு அனுப்பியாயிற்று. மிஞ்சியது மேனேஜர், கேன்டீனில் சமைக்கும் ஆவூர் மேரி அக்கா, நான்.

கவுன்டருக்குப் பின்னால் இருந்த அறையிலேயே தங்கிக்கொண்டேன். ஆலங்குடியில் சொந்த வீடு இருந்தது. ஆனால் அம்மா முந்தைய வருடம்தான் போய்ச் சேர்ந்திருந்தார். பூட்டிய அந்த வீட்டைத் திறக்க எனக்குப் பயம். பேய் பயம் இல்லை... "வந்துட்டியாப்பா" என்று கேட்க ஆள் இல்லாத பயம்.

பார்க்கை மூடிவிடலாம் என்று முதலாளி சொல்ல ஆரம்பித்தார். கடைசி முயற்சியாக மேனேஜர் ஒரு யோசனை சொன்னார். உணவுத் திருவிழா.

"ரைடு ஓட்டக் கூடாது. யாரும் உக்காந்து சாப்புடக் கூடாது. கார்ல வரட்டும், பார்சல் வாங்கட்டும், அப்டியே அங்கிட்டு போயிரட்டும்."

மேரி அக்கா மாஸ்க்கை இறக்கிவிட்டுக் கேட்டார். "உக்காந்து சாப்புடாம அது என்னங்க சார் திருவிழா?"

"இது ஓடுனாத்தான் பார்க்கு. இல்லேன்னா எல்லாரும் மூட்டையக் கட்ட வேண்டியதுதான்."

கூட்டம் வந்தால் நோய் வரும், வராவிட்டால் வேலை போகும். எனக்கு இரண்டையும் விடப் பெரிய கவலை அந்தப் பூட்டிய வீடு. எப்படியாவது இந்தத் திருவிழா ஓடிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே கலர் பேப்பர் ஒட்டினேன்.

முதல் நாள் கார்கள் வரத்தான் செய்தன. கண்ணாடியைக் கால்வாசி இறக்கி ஒரு கை நீளும். பார்சலை வாங்கும். கண்ணாடி ஏறிவிடும். ஸ்பீக்கரில் பாட்டு வேறு... ஆட ஒரு குழந்தை இல்லை. திருவிழாவில் அவ்வளவு தனியாக நான் நின்றதே இல்லை.

மதியம் ஒரு திருச்சிக் கார் திரும்பி வந்தது. "சார், குழம்பு டப்பா மேல அடுப்புக்கரி கெடக்கு. என்ன இது?"

மேனேஜருக்கு முகம் வெளுத்துவிட்டது. நேரே கேன்டீனுக்குப் போனார். அங்கே மேரி அக்கா ஒவ்வொரு கறிப் பார்சல் மேலும் வாழை இலைக் கிழிசலில் ஒரு கரித்துண்டை மடித்து வைத்து, கையோடு ஒரு சிலுவையும் போட்டுக்கொண்டிருந்தார்.

"என்னக்கா பண்றீங்க?"

"கறிக்கொழம்ப வெறுமனே குடுத்து விடலாமா சார்? வழியில காத்துக் கருப்பு அண்டிராது? எங்க வீட்ல வாசலத் தாண்டி எது போனாலும் கரி வச்சுத்தான் அனுப்புவோம். கொரோனாவும் காத்துலதான வருதுங்கிறாங்க."

"யாராவது வீடியோ எடுத்துப் போட்டா நாம தொலைஞ்சோம். இனிமே வைக்கக் கூடாது."

"சரிங்க சார்" என்றார். அதற்குப் பிறகு வைக்கவில்லை. ஆனால் பார்சல் கொடுக்கும்போதெல்லாம் அந்தக் கார் கேட்டைத் தாண்டும் வரை பார்த்துக்கொண்டே நின்றார். நானும் பக்கத்தில் நின்றேன்.

மறுநாள் பத்துக் கார் கூட வரவில்லை. பக்கத்து ஊர்களில் நோய் ஏறுவதாகப் பேச்சு. சாயங்காலம் முதலாளி போன் பண்ணினார். திருவிழாவும் முடிந்தது, பார்க்கும் முடிந்தது.

நான் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது மேரி அக்கா ஒரு பார்சலை நீட்டினார். "வீட்டுக்குத்தான தம்பி போறீங்க? போய்ச் சாப்புட்டு ஒரு போன் பண்ணுங்க."

ஆலங்குடி வீட்டுக் கதவைத் திறந்தேன். தூசி வாடை. லைட்டைப் போட்டுத் தரையில் உட்கார்ந்து பார்சலைப் பிரித்தேன். மேலே வாழை இலையில் மடித்த கரித்துண்டு.

அழுதுவிட்டேன். சொல்வதற்கு என்ன வெட்கம். வழியில் எனக்கு எதுவும் ஆகிவிடக் கூடாது என்று நினைக்க ஒரு ஆள் இருந்திருக்கிறார். மேனேஜர் சொன்னதையும் மீறி.

இப்போது திருச்சியில் வேலை. ஒற்றை ரூம். அந்தப் பார்க்கை மறுபடி திறந்துவிட்டார்கள் போல, போன வாரம் அங்கிருந்து உணவுத் திருவிழா விளம்பரம் வந்தது. போட்டோவில் ஜனங்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. யாரோடு போவது என்று யோசித்தேன்... போகவில்லை.

தினமும் ஆப்பில் ஆர்டர் போடுகிறேன். பத்திரமாக சீல் வைத்து வருகிறது. வண்டி எந்தத் தெருவில் திரும்புகிறது என்று போனே காட்டுகிறது.

பிரித்ததும் டப்பா மேலே ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன். ஒன்றும் இருக்காது என்று தெரியும். பிறகு சாப்பிடுகிறேன்.