சாவியில் துரு இல்லை

சுதந்திரம் கிடைத்து ஏழெட்டு வருடம் இருக்கும். கீழக்கரையில் ஒரு துணி வியாபாரியின் சரக்குக் கிட்டங்கி என் பொறுப்பில் இருந்தது. முதலாளி கொழும்பிலிருந்து திரும்பிய அன்று பார்த்தால் வெள்ளைத் துணியில் இரண்டு கட்டு குறைகிறது. பூட்டு உடையவில்லை, சாவியோ என் இடுப்பில். "நம்பிக் குடுத்தேனே தம்பி" என்று வேலையாட்கள் எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார். திருவாடானையில் என் அய்யா, மகன் கையில் கிட்டங்கிச் சாவி இருக்கிறது என்று பார்ப்பவரிடமெல்லாம் பெருமை பேசிக்கொண்டிருந்தார். திருட்டுப் பட்டத்தோடு எந்த முகத்தை வைத்துக்கொண்டு ஊருக்குப் போவது?

போலீசுக்குப் போனால் கடைப் பேர் கெடும் என்று, ஓய்வுபெற்ற ஏட்டு ஒருவரை முதலாளி வரவழைத்தார். வியாபாரிகளுக்குத் தனியாகத் துப்பு விசாரித்துக் கொடுப்பது அவர் பிழைப்பு. மனிதர் அடிக்கவில்லை, அதட்டவும் இல்லை. கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டார். எத்தனை மணிக்குப் பூட்டினாய், பக்கத்தில் யார் நின்றது, எந்தக் கையால் பூட்டை இழுத்துப் பார்த்தாய். கேள்வி கேட்டே ஆளைக் கொல்லலாம் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். மற்றவர்களையும் தனித்தனியே கூப்பிட்டு, சொன்னதை ஒத்துப் பார்த்தார். மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

"நான்தான் எடுத்தேன்னு எழுதிக்கங்க, ஆளை விடுங்க!" என்று ஒருமுறை கத்தினேன்.

"எங்கன வித்தேன்னு சொல்லு, எழுதிக்கிறேன்" என்றார், சிரிக்காமல்.

மூன்றாம் நாள் மாற்றுச் சாவியைக் கேட்டார். "அது வீட்டுல ஆணியில தொங்குது. ரெண்டு வருசமா யாரும் தொடல" என்றார் முதலாளி. ஏட்டு அதை வாங்கி வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எங்கள் உப்புக்காற்றில் ஒரு மாதம் சும்மா கிடந்தாலே இரும்பு துருவேறிவிடும். இதில் பொட்டுத் துரு இல்லை. பல்லிடுக்கில் தேங்காயெண்ணெய் மினுங்கியது.

"வீட்டுல கேட்டீகளா முதலாளி?"

அந்த வீட்டுப் பெண்கள் திரைக்கு வெளியே வரமாட்டார்கள், கடைப் பேச்சும் உள்ளே போகாது. அவர்களைக் கேட்கலாம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

மூவரும் வீட்டுக்குப் போனோம். ஏட்டு வாசலில் நின்றபடியே கேட்டார். திரைக்குப் பின்னாலிருந்து முதலாளியின் மனைவி தயங்காமல் பதில் சொன்னார்.

"நான்தான் எடுத்தேன். அவுக கொழும்புல இருந்தப்ப சின்னவனுக்குக் காய்ச்சல் முத்திருச்சு. ஏர்வாடி தர்காவுல ஏழைகளுக்குத் துணி குடுக்கிறதா நேர்ந்துக்கிட்டேன். சொகமானதும் சாவிக்கு எண்ணெய் போட்டு, வீட்டு ஆளை விட்டு எடுத்து அனுப்பிட்டேன். நேர்ச்சையச் சொல்லிக்காட்டக் கூடாதுன்னு வாய் தெறக்கல." பிறகு, "ஏன், யாரையாச்சும் சந்தேகப்பட்டாகளா?" என்றார்.

முதலாளி நேரே கிட்டங்கிக்கு வந்து, அதே வேலையாட்களைக் கூப்பிட்டு நிறுத்தி, "தப்பு எம்மேல. தம்பி கை சுத்தம்" என்றார். நறுக்கென்று கேட்க நான் மூன்று நாளாகச் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் விட்டுவிட்டு, கிட்டங்கிக்குப் பின்னால் போய் உட்கார்ந்து நன்றாக அழுதேன். பாரம் இறங்கிப்போனது. இப்படி ஒன்று நடந்ததே அய்யாவுக்குக் கடைசிவரை தெரியாது.