எண்பது கிராம் பாரம்

மதியம் ஒரு மணிக்குச் சலவைக்கூடத்து இயந்திரங்கள் ஓயும். இஸ்திரிக்கார அக்கா அப்போது மடிப்பு மேசையில், சூடு ஆறாத விரிப்புகளின் மேல் மல்லாந்து படுத்து, நெஞ்சின் மேல் குட்டி கிதார் போன்ற உகுலேலேயை வைத்துக்கொள்வாள். மாடிப்படியில் விழுந்த நாளிலிருந்து அவளுடைய இடது தோள் எதையும் தாங்குவதில்லை. உட்கார்ந்து வாசித்தால் கை கடுக்கும். படுத்தால் வாத்தியம் தானாக மிதக்கும். கண்ணை மூடினால் கூரைக்குழாய்கள் கரைந்துபோய், அவளும் வெள்ளைத் துணிக்கடலில் மிதந்துகொண்டிருப்பாள்.

தொல்லை பிருடைகளில்தான். தந்தியை முறுக்கும் அந்த நான்கும் வெறும் உராய்வில் நிற்பவை. நீராவி பட்டால் இளகி, சுருதி இறங்கிவிடும்.

"பாட்டு கிணத்துல விழுதுக்கா, கயிறு போடட்டுமா?" என்பாள் பக்கத்தில் துணி மடிப்பவள்.

வாத்தியக்கடைக்காரர் கியர் வைத்த பிருடைகளைக் காட்டினார். "இது கல்லு மாதிரி நிக்கும்மா. ஆனா துளையைப் பெருசாக்கணும், அப்புறம் பழசு பொருந்தாது. எடையும் கொஞ்சம் கூட."

"கொஞ்சம்னா?"

தராசில் வைத்துப் பார்த்தார். எண்பது கிராம் கூடுதல்.

"நாளைக்குச் சொல்றேங்க."

மறுநாள் சலவைத் தராசில் துணி கிளிப்புகளை எண்பது கிராமுக்கு நிறுத்தாள். பத்து வந்தது. பத்தையும் உகுலேலேயின் தலையில், பிருடைகளை ஒட்டிக் கவ்வவிட்டுப் படுத்தாள்.

"முள்ளம்பன்றிக்குத் தாலாட்டா?" என்று மடிப்பவள் சிரித்தாள்.

முதல் வரி நன்றாகவே போனது. விரல் மாற்றியபோது தலை சரிந்தது. பாய்ந்து பிடித்ததில் தோளில் மின்னல் வெட்டியது. துண்டைச் சுருட்டி முட்டுக்கொடுத்தால் விரல் நுழைய இடமில்லை. வாத்தியம் மிதக்கவில்லை, சும்மா கிடந்தது.

"கல்லு மாதிரி நிக்கணும்னா கல்லைத் தூக்கணும்போல" என்றாள் மடிப்பவள்.

அக்கா கடைக்குப் போன் போட்டாள். "கியர் வேணாங்க. உராய்வுலயே நல்லதா ஒரு செட் மாட்டிக் குடுங்க."

"ஆவியில மறுபடி இறங்கும்மா."

"இறங்கினா ஏத்திக்கலாம். என் தோளுக்கு அந்த வசதி இல்லீங்களே."

புதுப் பிருடைகளோடு வாசித்த முதல் மதியமே, மூன்றாவது அடியில் ஒரு தந்தி இறங்கியது. அக்கா அதை ஏற்றவில்லை. கண்ணைத் திறக்காமலே மற்ற மூன்றையும் அதற்கு இணையாக இறக்கிவிட்டுத் தொடர்ந்தாள். பாட்டு தாழ்ந்து, கனிந்து வந்தது. இத்தனை நாள் மேல் சுருதி எட்டாமல் வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்த மடிப்பவள், விரிப்பின் இரு முனைகளையும் பிடித்தபடி மெல்லப் பாடத் தொடங்கினாள்.